பாண்டீஸ்வரிக்காக நான் சொன்ன பதில்கள்

ஒரே காலைப்பொழுதில் ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் பதவி உயர்வையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தவன் நான். அதுவும் அவளுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்.

மில்லின் பணியாளர் பிரிவில் இந்த மாதம் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் வீடு தேடி வந்து, "உங்க அனுபவத்துல ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டீர்கள். வேலைநிறுத்தத்தைப் பேசி முடித்ததையோ, கிடங்கில் தீப்பிடித்த அன்று ஆட்களை வெளியேற்றியதையோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டிலும் நான் நன்றாகவே நடந்துகொண்டேன். ஆகவே உங்களுக்கு அவற்றால் பயனில்லை. பிசகிய கதையைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. கிழமை, மணி, நிமிடம் எல்லாம் இருக்கும். பழைய ஊர் வரலாறுகளையும் பயணக் குறிப்புகளையும் படித்துப் படித்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆகவே கீழே வரும் நேரங்களுக்கு நான் உத்தரவாதம். என் புத்திக்கு உத்தரவாதம் இல்லை.

முதலில் ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். நேர்முகத் தேர்வுக்கு வரும் பெண்பிள்ளைகளிடம் எல்லாம், "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு வருவியாம்மா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் கேட்டார், நானும் கேட்டேன். சில பெண்கள் அப்பா முகத்தைப் பார்ப்பார்கள். சிலர், "அவுக விட்டா வருவேன் சார்" என்பார்கள். அந்த 'அவுக' யார் என்பது அந்த நேரத்தில் அவர்களுக்கே தெரியாது. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவரிடம் இருபத்தொரு வயதிலேயே அனுமதி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பாண்டீஸ்வரி மட்டும் திருப்பிக் கேட்டாள்: "இதே கேள்விய ஆம்பளப் பிள்ளைககிட்டயும் கேப்பீகளா சார்?"

ஊர் கன்னிவாடி. பூ விவசாயக் குடும்பம். இயற்பியல் படித்துவிட்டு, திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் தங்கி, வடமதுரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் மில்லுக்கு வேனில் வந்துபோக ஏற்பாடு. நூலின் தரத்தைச் சோதிக்கும் லேபில் வேலை கொடுத்தோம். அவள் கேட்டது நியாயமாகப் பட்டதால், அடுத்து வந்த பையனிடம் அதே கேள்வியைப் போட்டுப் பார்த்தேன். "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்கு வருவியாப்பா?" அவன் முகம் வெளிறிவிட்டது. "நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?" என்றான்.

மூன்று வருடம் போயிற்று. கொரோனா ஓய்ந்து எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றியிருந்த சமயம். லேபுக்கு ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் வேண்டும், பாண்டீஸ்வரியைப் போடலாம் என்று நானே கோயம்புத்தூர்த் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். ஒருவரை அனுப்பி ரகசியமாக விசாரிக்கிறோம், வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வருவார் என்று பதில் வந்தது.

ஆவணி மாதத்து இரண்டாவது வியாழன். பத்து ஐம்பதுக்கே ஆள் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, ஷூ, தோல்பை, சட்டைப்பையில் இரண்டு பேனா. நேரந்தவறாத மனிதரைக் கண்டால் எனக்கு ஒரு தனி மரியாதை. எழுந்து நின்று வரவேற்றேன்.

"லேப்ல பாண்டீஸ்வரின்னு ஒரு பொண்ணு வேலை பாக்குதாம்ல. அதப் பத்திச் செத்த நேரம் விசாரிக்கணும். விஷயம் வெளிய தெரிய வேணாம்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் 'செத்த நேரம்' என்று சொல்லமாட்டார் என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

"உக்காருங்க சார். ஒளிவு மறைவில்லாமச் சொல்றேன்" என்றேன். அவர் கோடு போட்ட நோட்டை எடுத்தார்.

"பொண்ணு பொறுமைசாலிதானா?"

"பொறுமையா! நல்லாக் கேட்டீங்க. தப்புன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் பொறுக்காது. போன மாசம் இருவது வருஷ சர்வீஸ் உள்ள மேஸ்திரிய, அம்புட்டுப் பேரும் பாக்க நிக்க வச்சுக் கேட்டுப்புடுச்சு. மனுசன் கண்ணு கலங்கிட்டாரு."

எழுதினார்.

"பெரியவுகன்னா ஒரு மட்டு மரியாத இருக்குமா?"

"அதெல்லாம் பாக்கவே பாக்காது சார். மேனேஜரா இருந்தா என்ன, நானா இருந்தா என்ன? முகத்துக்கு நேரா சொல்லிப்புடும். அதுதான் அதோட பலமே."

"சொந்தபந்தம், நல்லது கெட்டதுன்னா போக வர இருக்குமா?"

லீவு எடுப்பாளா என்பதைச் சுற்றிவளைத்துக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அந்தக் கவலையே வேணாம். அவுக சித்தி மக கல்யாணத்தன்னைக்கு, தாலி கட்டி முடிச்ச கையோட பட்டுச்சேலையிலேயே வந்து சாம்பிள் பாத்துச்சு. பந்தியில கூட உக்காரல."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி வேலையெல்லாம் உண்டா?"

"அதுன்னா அதுக்குக் குஷி சார். பகல்ல ஆளுக தொந்தரவு, ராத்திரியிலதான் நிம்மதின்னு அதுவே சொல்லும்."

பேனா நின்றது. "அதுவே சொல்லுதா?"

"எத்தன தடவ!"

கடைசியாக, "இன்னும் அஞ்சு வருஷத்துல எப்படி இருக்கும்னு நினைக்கிறீக?" என்று கேட்டார்.

"நம்ம எல்லார் தலைக்கு மேலயும் உக்காந்திருக்கும் சார். எழுதி வச்சுக்கங்க."

எழுதிவைத்துக்கொண்டார். சிவப்புப் பேனாவை எடுத்து அடிக்கோடும் போட்டார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் சொல்லலைன்னா எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார். நான் பூரித்துப் போனேன். மணி பதினொன்று பன்னிரண்டு.

பதினொன்று இருபத்தைந்துக்கு ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் கைக்கடிகாரத்தைக் காட்டியபடியே வந்தார். "ஏனுங்க சார், மன்னிச்சுக்கோணும். ஒட்டன்சத்திரத்துல காய்கறி லாரிங்க நின்னு வழியே இல்லீங்க. பாண்டீஸ்வரிங்கற பொண்ணப் பத்தி விசாரிச்சுட்டுப் போலாம்னு கோயம்புத்தூர்ல இருந்து வர்றேனுங்க."

அவருக்கு ஒரு டீயைச் சொல்லிவிட்டு, வாயில் காவலர் அந்தோணியிடம் ஓடினேன்.

"யோவ், முன்னால வந்துட்டுப் போனாரே, அவரு யாருய்யா?"

"அவரா? நத்தத்துல வாத்தியாரு சார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். நம்ம லேப் பாண்டீஸ்வரியப் பாத்திருக்காகல்ல, அதான் விசாரிக்க வந்தாரு. எங்கிட்டயே இருவது நிமிஷம் விசாரிச்சாரு."

"நீ என்ன சொன்ன?"

"தங்கமான பொண்ணுன்னேன். சந்தேகம்னா எங்க சாரப் போயிக் கேளுங்க, அவரு உள்ளத உள்ளபடி சொல்லுவாருன்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமாய்யா?"

"வெளிய தெரிய வேணாம்னாரு சார்."

உங்களில் யாராவது வெளியூர்க்காரர் இருந்தால் அவருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசும் முன் வேலை பார்க்கும் இடத்துக்கு ஓர் ஆளை அனுப்பி விசாரிப்பது வழக்கம். டீக்கடை, வாட்ச்மேன், அதிகாரி என்று அந்த வரிசையில் கேட்பார்கள். பையனைப் பற்றியும் விசாரிப்பார்கள்: குடிக்கிறானா, வேலை நிரந்தரமா, இந்த இரண்டு கேள்விதான். பெண்ணுக்கு நோட்டுப் போட்டு எழுதுவார்கள்.

அறைக்குத் திரும்பினேன். உடம்புதான் திரும்பியது, மனம் நத்தம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தது. அங்கே சொல்லியிருக்க வேண்டிய பதில்களை நாக்கு இங்கே சொல்ல ஆரம்பித்தது.

"நாலு பேர அதட்டி வேல வாங்குமுங்களா சார்?"

"அதட்டுறதா? சத்தம் போட்டே பேசாது. வாரது போறதே தெரியாது. பெரியவுக முன்னால தலை நிமிராது சார்."

"ஏனுங்க, அப்புறம் ஷிப்ட்ட எப்படிங்க பாக்கும்?"

"குடும்பப் பாங்கான பொண்ணுங்க" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "குடும்பம்னீங்க. கல்யாணம் கில்யாணம் பேசறாங்களுங்களா?"

பதினொன்று பன்னிரண்டு வரைக்கும் பேசினார்கள் என்பதுதான் சரியான பதில். "பேசுற மாதிரி இருக்கு சார்" என்றேன்.

"அப்ப கொஞ்சம் யோசிக்கோணுமுங்க. பொறுப்பக் குடுத்துப்போட்டு, ஆறு மாசத்துல அந்தப் பொண்ணு போயிருச்சுன்னா சிரமமுங்க" என்று எழுந்தார். டீயில் பாதி மிச்சமிருந்தது. பதினொன்று ஐம்பத்தைந்துக்குக் கார் கிளம்பிற்று.

நத்தத்துக்காரரிடம் சொன்னது அத்தனையும் உண்மை. கோயம்புத்தூர்க்காரரிடம் சொன்னது அத்தனையும் பொய். இரண்டுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தேன். எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வாயை மூடிக்கொண்டு இருப்பது. சம்பந்தம் தட்டிப்போனால் ஜாதகத்தின் மேல் பழி போகும், பதவி வராவிட்டால் கோயம்புத்தூர் மேல் போகும். இரண்டு, சாயங்காலமே ஒரு சீப்புப் பழத்தோடு நத்தத்துக்குப் போய் நிற்பது. மேலதிகாரிகள் தப்புச் செய்தால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்வோம்: மறைப்போம், அல்லது பெரிய மனுஷனாகப் போய்ச் சரிசெய்ய முயல்வோம். இரண்டிலும் சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது வழி கூச்சமானது. இரண்டு பத்துக்கு எழுந்து லேபுக்குப் போனேன்.

பாண்டீஸ்வரி நூலை எடை போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை நான் சொல்லச் சொல்ல, மேஸ்திரி கண் கலங்கிய இடத்தில் சிரித்தாள். பட்டுச்சேலை வந்த இடத்திலும் சிரித்தாள். ராத்திரி குஷி என்று சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"சார்!"

"தெரியாமத்தான்மா."

"சரி, அந்தக் கோயம்புத்தூர்க்காரர்கிட்ட என்ன சொன்னீக?"

"பெரியவுக முன்னால தலை நிமிராதுன்னு."

"நானா?"

பக்கத்து மேஜைப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள். பாண்டீஸ்வரி எடை போட்ட நூலை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பேசியபோது விளையாட்டுக் குரல் இல்லை.

"இது நாலாவது இடம் சார். முன்னால வந்த மூணு இடத்துலயும் வேலைய விட்டுட்டுத்தான் வரணும்னாக. நான் முடியாதுன்னேன். இவுக மட்டும்தான் வேலையப் பத்தி ஒண்ணும் சொல்லாம, விசாரிச்சிட்டு வாரோம்னாக. அப்பா சொல்லிட்டாரு, இதுவும் போச்சுன்னா வேலைதான் காரணம், வீட்டுக்கு வந்து பூ எடுன்னு. இன்சார்ஜ் ஆர்டர் கையில இருந்தா, இதப் பாருங்கப்பான்னு காட்டி நிக்கலாம்னு இருந்தேன். இப்ப ரெண்டும் இல்ல."

அப்போதுதான் நான் செய்த காரியத்தின் கனம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. "நான் வேணா நத்தத்துக்குப் போயி..."

"ஐயோ சாமி! நீங்க எங்கயும் போயிராதீக. இன்னும் என்னத்தச் சொல்லி வைப்பீகளோ." பிறகு கேட்டாள்: "எனக்கு ஒண்ணு புரியல சார். நாப்பது அடி தள்ளி இந்த லேப்லதான உக்காந்திருந்தேன். அம்புட்டுக் கேள்விக்கும் நீங்களே பதில் சொன்னதுக்கு, ஒரு தடவையாச்சும் என்னயக் கூப்பிட்டு விட்டிருக்கலாம்ல?"

முப்பத்தோரு வருடம் ஆட்களைப் பற்றி விசாரித்தும் விசாரிக்கப்பட்டும் கழித்தவன் நான். ஒருவரைப் பற்றிக் கேட்பதென்றால் மற்றவரிடம் கேட்பது என்றே கற்றிருந்தேன். அந்த ஆளையே கேட்பது என் வேலையின் எந்தப் படிவத்திலும் இல்லை. உங்களுக்கு இதைவிடப் பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பதால், இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் நாற்பது அடியில் இருந்தால், நடந்து போய்க் கூப்பிடுங்கள்.

அவள் அந்தோணியிடம் வருகைப் பதிவேட்டை வாங்கி, வாத்தியார் எழுதியிருந்த நம்பரை எடுத்து என் முன்னாலேயே கூப்பிட்டாள். "வணக்கம் சார், பாண்டீஸ்வரி பேசுறேன். காலையில நீங்க எழுதிட்டுப் போனதெல்லாம் நெசந்தான். ஆனா ஏன் அப்படிங்கிறத யாரும் உங்களுக்குச் சொல்லல. சனிக்கிழமை பத்தரைக்கு நான் மில்லு ஆபீஸ்ல இருப்பேன். உங்க மருமகன வரச் சொல்லுங்க, நேர்லயே கேட்டுக்கட்டும்." மறுமுனையில் என்ன சத்தம் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் மட்டும், "இல்ல சார், கோவம்லாம் இல்ல. பேசுறதே இப்படித்தான்" என்றாள்.

கோயம்புத்தூருக்கு என்னையே எழுத வைத்தாள். 'நான் சொன்ன விவரங்கள் தவறானவை. முடிவெடுக்கும் முன் சம்பந்தப்பட்டவரிடமே பேசிக்கொள்ளக் கோருகிறேன்.' அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

சனிக்கிழமை பத்து இருபத்தைந்துக்கு ஒரு பைக் வந்தது. பையன் பெயர் கதிரேசன். தனியாகத்தான் வந்தான். என் அறையிலேயே இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

"சார் இங்கயே இருக்கணும். ஆனா பேசக் கூடாது" என்று பாண்டீஸ்வரி எனக்கு உத்தரவு போட்டாள்.

கதிரேசன் செல்போனைத் திறந்து காட்டினான். நோட்டுப் பக்கத்தை வாத்தியார் படம் எடுத்து அனுப்பியிருந்தார். "மாமா எல்லாத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்காரு. ராத்திரிக்கு மட்டும் ரெண்டு கோடு."

"உங்களுக்கு எது இடிக்குது?"

"எனக்கு ஒண்ணும் இடிக்கல. எங்க அம்மாவுக்குத்தான் மேஸ்திரி இடிக்குது."

"அவரு தப்பு நூல நல்ல நூலோட கலந்துட்டாரு. உங்க அம்மா அப்படி எதையும் கலக்க மாட்டாங்கள்ல?"

"இல்ல. பால்ல தண்ணிதான் கலப்பாக."

அவன் வேலை பெங்களூர்க் கம்பெனியில், இருப்பு நத்தத்தில். மாடியறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பவன். "நான் வேலை பாக்குறேன்னே எங்க வீட்டுல யாரும் நம்பல. மீட்டிங் நடுவுல அரிசி மூட்டையத் தூக்கச் சொல்றாக. தெருவுல எல்லாரும், ஏலே கதிரு, சும்மாதான இருக்கன்னு கேக்குறாக. வேலைன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளு கூட இருந்தாப் போதும்."

"அதுக்கா பொண்ணு தேடுறீக?"

"அதுக்கும்தான்."

நான் பேசக் கூடாது என்பதால் நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். பத்து ஐம்பதுக்கு ஊர்ப் பேச்சு வந்தது. நத்தத்திலிருந்து மில்லுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். திண்டுக்கல்லில் வீடு பார்த்தால் ஆயிற்று, நெட்டும் கரண்டும் இருந்தால் தனக்கு எந்த ஊரும் ஒன்றுதான் என்றான். அம்மாவிடம் யார் சொல்வது என்று கேட்டாள். தான்தான் சொல்லவேண்டும், அதற்கு ஒரு வாரம் வேண்டும் என்றான். தாராளமாக இரண்டு வாரம் கொடுத்தாள். பதினொன்று பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் சண்டை வந்தது. எல்லா ஞாயிறும் என்று அவன் நின்றான், மாதம் இரண்டு என்று அவள் நின்றாள். பிள்ளை குட்டி என்று வந்தால் என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது இருவருமே என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பதினொன்று நாற்பத்தாறுக்கு மேஜைப் போன் அடித்தது. கோயம்புத்தூர்.

"ஏனுங்க சார், உங்க கடுதாசி பாத்தனுங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க. கல்யாணம் ஆனா அந்தப் பொண்ணுக்கு நைட் ஷிப்ட் முடியுமுங்களா?"

முடியும் சார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினேன். நாற்பது அடி கூட இல்லை, கை நீளம்தான்.

அவள் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டாள். கதிரேசன் பக்கம் திரும்பினாள்.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவ எனக்கு நைட் ஷிப்ட் வரும். அந்த வாரம் வீட்டுல சோறு யாரு ஆக்குவா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "எனக்கு ரசமும் முட்டையும்தான் தெரியும்."

"ஏழு நாளைக்குமா?"

"ஒரு நாளைக்கு முட்டை, ஒரு நாளைக்கு ரசம்னு மாத்தி மாத்தி."

"ஒரு வாரம் தாங்கும்" என்றாள். கையை எடுத்தாள். "முடியும் சார்."

அதற்கப்புறம் லேபைப் பற்றி நாலைந்து கேள்வி கேட்டார். டக்டக்கென்று பதில் சொன்னாள். ஓர் இடத்தில், "அது அப்படி இல்ல சார், நீங்க சொல்றது தப்பு" என்றும் சொன்னாள். பிறகு போன் என்னிடம் வந்தது.

"தலை நிமிராதுன்னீங்களே சார்!" என்று சிரித்தார் அவர். "திங்கக்கெழம ஆர்டர் அனுப்பிப் போடறனுங்க. அது கெடக்கட்டும், பக்கத்துல யாரோ ரசம்னு சொன்ன மாதிரி கேட்டுச்சே, யாருங்க அது?"

இருவரையும் பார்த்தேன். கதிரேசன் செல்போனில் வாத்தியாரின் சிவப்புக் கோடுகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலைங்க சார். அவங்களையே கேட்டுக்கங்க" என்று போனைத் திரும்பவும் அவளிடமே கொடுத்தேன்.

அவள் வாங்கி, கொஞ்சமும் குரலைத் தாழ்த்தாமல், "எங்க வீட்டுக்காரரா வரப் போறவரு சார்" என்றாள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. கதிரேசன் விருட்டென்று தலையை நிமிர்த்தினான். தனக்கு வேலை உறுதியான செய்தி அந்தப் பையனுக்கே அப்போதுதான் தெரிந்தது.